மில்லுக்குள் ஆற்றிய உரை

எனக்கு வாய் கூட. நானே இதை ஒப்புக்கொள்வதில் புதினம் எதுவும் இல்லை. ஜெர்மனியில், இந்த வுப்பர்டாலில் எந்தத் தமிழரைக் கேட்டாலும் சொல்வார். இருபது வருடமாக இந்த ஊரில் நடந்த கல்யாண வீடு, சாமத்திய வீடு, ஒளிவிழா, உதைபந்தாட்டப் போட்டி எல்லாவற்றிலும் ஒலிவாங்கி என் கையில்தான் இருந்தது. ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் அன்ரன். ஊர் வைத்த பெயர் 'மைக் அன்ரன்'. (கரண்ட் போனாலும் பயமில்லை, அன்ரன் நிண்டால் காணும் எண்டு ஒரு பகிடி இருந்தது. எனக்கு அது பகிடி எண்டே கனகாலம் விளங்கேல்லை.) வேலை, கதவுப் பூட்டுச் செய்யும் தொழிற்சாலையில். அங்கே இயந்திரங்களின் இரைச்சலுக்கு மேலாகக் கத்திக் கதைத்துப் பழகிய தொண்டை என்னுடையது.

அந்தத் தொண்டைதான் ஐம்பத்திரண்டாவது வயதில் என்னைக் கைவிட்டது.

ஒரு பனிக்காலத்தில் குரல் கரகரத்தது. இஞ்சி குடித்தேன், கொத்தமல்லி அவித்துக் குடித்தேன், தேன் நக்கினேன். மாறவில்லை. "டொக்டரிட்டைப் போங்கோ, டொக்டரிட்டைப் போங்கோ" என்று என் மனைவி மெற்றில்டா நாளுக்கு நாலு தரம் அரித்தாள். கடைசியில் அவளுடைய வாயை அடைப்பதற்காகத்தான் போனேன். தொண்டை டொக்டர் கமெராவை உள்ளே விட்டுப் பார்த்தார். பிறகு பெரிய ஆசுபத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கே என் மகள் வயதில் ஒரு டொக்டர், கதிரையை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, குரல்வளை முழுவதையும் எடுக்க வேண்டும் என்றார்.

"பிறகு கதைக்க முடியுமா?" என்று கேட்டேன்.

"பயிற்சி எடுத்தால் வேறு வழியில் கதைக்கலாம். ஆனால் இந்தக் குரல் இருக்காது."

ஒப்பரேசன் அடுத்த கிழமைக்கு அடுத்த கிழமை, செவ்வாய்க்கிழமை. திங்கள் காலையிலேயே வந்து படுக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்து மெற்றியிடம் சொன்னேன். அவள் அடுப்பை நிறுத்தினாள். கையைத் துவாயில் துடைத்தாள், துடைத்த கையைத் திரும்பவும் துடைத்தாள்.

"உயிருக்கு ஒண்டும் இல்லைத்தானே?"

"இல்லையெண்டுதான் சொல்லினம்."

"அப்ப சரி" என்றாள். அடுப்பை மறுபடி போட்டாள். சட்டியை அதில் வைக்கவில்லை. வெறும் அடுப்பைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? உரை தயாரித்தேன்! குரல் போகப்போகிற மனிதன் ஒருவன் குடும்பத்துக்கு ஆற்ற வேண்டிய கடைசி உரை. முதலாவதாக மூத்த மகள், இரண்டாவதாக இளைய மகள், நிறைவாக மனைவி. இடையில் எங்கே நிறுத்த வேண்டும், எங்கே குரலைத் தாழ்த்த வேண்டும் என்றுகூட யோசித்து வைத்திருந்தேன். (ஆக்கள் எங்க அழுவினம் எண்டும். அப்பிடி ஒரு விசரன் நான்.)

இந்த உரையில் முக்கியமான பகுதி மூத்தவளுக்கானது. ஜெனிற்றா ஆஹெனில் பொறியியல் படித்துக்கொண்டிருந்தாள். மூன்றாவது செமஸ்டரோடு அதை விட்டுவிட்டு, ஹம்பேர்க்கில் ஒரு கேக் கடையில் தொழில் பழக அவுஸ்பில்டுங் சேர்ந்துவிட்டாள். சேர்ந்த பிறகுதான் எங்களுக்குச் சொன்னாள். அதற்கு முந்திய மாதம்தான் நான் ஒரு கல்யாண வீட்டில், மணமக்களை வாழ்த்துவதற்கு நடுவில், "என்ர மகளும் இஞ்சினியருக்குத்தான் படிக்கிறா" என்று மண்டபம் முழுக்க அறிவித்திருந்தேன். கேட்காத கேள்விக்கு ஒலிவாங்கியில் பதில் சொல்வது என் பழக்கம். அந்த வெட்கத்தில் அவளோடு கதைப்பதை நிறுத்தினேன். ஐந்து மாதம்! வாயாலேயே வாழ்ந்தவன், பெற்ற பிள்ளையிடம் மட்டும் அதை மூடிக்கொண்டு, தண்டனை கொடுக்கிறேன் என்று நினைத்திருந்தேன்.

இப்போது அந்த ஐந்து மாதத்தையும் ஒரே நாளில் கதைத்துத் தீர்க்க வேண்டியிருந்தது.

வீட்டில் அது நடக்காது. விஷயம் பரவி, பின்னேரம் ஆனால் யாராவது ஆட்டுக்கால் சூப்போடு வந்து இருந்துவிடுவார்கள். அமைதியான ஓர் இடம் வேண்டும் என்று வேலையிடத்தில் வெர்னரிடம் கேட்டேன். வெர்னர் என் பக்கத்து இயந்திரத்தில் நிற்பவன். ஒரு மணி நேர ஓட்டத்தில் பழைய கோட்டை ஒன்று இருக்கிறது, சுற்றிவரத் தண்ணீர் அகழி, பக்கத்தில் தண்ணீரில் ஓடுகிற பழைய மா மில், சத்தமே இல்லாத இடம் என்றான். அவன் போனது ஒரு புதன்கிழமை. நாங்கள் போனது மாதத்தின் முதல் ஞாயிறு. அந்த வித்தியாசம் என்னவென்று பிறகு விளங்கியது.

ஜெனிற்றா சனிக்கிழமை ரயிலில் வந்திருந்தாள். வாசலில் என்னைக் கண்டதும் நின்றாள். நானும் நின்றேன். "சாப்பிட்டியோ?" என்று அவளிடம் கேட்டது மெற்றிதான்.

ஞாயிறு காலை நால்வரும் காரில் புறப்பட்டோம். மெற்றி பெரிய துணிப் பை நிறைய ரோல்ஸும் கட்லட்டும் ஒரு டப்பா இறைச்சிக் கறியும் பாணும் கட்டியிருந்தாள். பின்சீட்டில் ஜெனிற்றா ஒரு கண்ணாடியோடும் இளையவள் மரீனா மற்றக் கண்ணாடியோடும் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். மரீனாவுக்கு அப்போது பன்னிரண்டு வயது. போகும் வழி முழுவதும் எங்கள் காரில் கதைத்தது ஒரே ஒரு ஆள்தான்: "இருநூறு மீட்டரில் வலப்பக்கம் திரும்பவும்" என்று சொல்கிற அந்த நவிகேஷன் பெண்.

கோட்டை வடிவானதுதான். அகழியில் தாராக்கள், மேலே மரப்பாலம், கல் கோபுரம். உள்ளே போவதென்றால் பழைய மரத்தளம் கீறுப்படாமல் இருக்க சப்பாத்துக்கு மேலே பெரிய கம்பளிச் செருப்பு மாட்ட வேண்டும். என் அளவுக்கு எடுத்தது இரண்டு பூனைக்குட்டிகளைக் காலில் கட்டியது போல இருந்தது. மினுக்கிய தளத்தில் நடக்க முடியாது, வழுக்கித்தான் போக வேண்டும். ஒரு மூத்தோர் சங்கக் கூட்டத்தோடு எங்களையும் சேர்த்துவிட்டார்கள். வழிகாட்டும் அம்மா ஒவ்வொரு ஈட்டிக்கும் ஒரு சரித்திரம் சொன்னார்.

வீரர்களின் மண்டபத்தில் கூட்டம் ஒரு சுவரோவியத்தின் பக்கம் போனது. எங்கள் நாலு பேரும் யன்னலடியில் தனித்து நின்றோம். இதுதான் தருணம் என்று நினைத்தேன். ஜெனிற்றாவின் பக்கம் வழுக்கிப் போய், தொண்டையைச் செருமி, "பிள்ளை..." என்று தொடங்கினேன்.

என் செருமலை வழிகாட்டி அம்மா கேட்டுவிட்டார். "ஆ, அந்த ஐயாவுக்கு ஒரு கேள்வி!" என்று ஜெர்மனில் சந்தோஷமாகக் கூவினார். இருபது நரைத்த தலைகள் என் பக்கம் திரும்பின. கேள்வி இல்லை என்று சொன்னேன். என் கரகரப்பு அந்தப் பக்கம் போகவில்லை.

"கொஞ்சம் சத்தமாக, ஐயா!"

மறுபடி சொன்னேன். மூச்சுத்தான் வந்தது.

"இன்னும் சத்தமாக!"

வாழ்நாளில் முதல்தடவையாக என்னைச் சத்தமாகக் கதைக்கச் சொன்னார்கள். முழுப் பலத்தையும் சேர்த்து, வாயில் வந்த ஒரே ஜெர்மன் கேள்வியைக் கத்தினேன்: "கழிப்பறை எங்கே?"

வெளியேறும் வழியைக் காட்டினார்கள். நான்கு நூற்றாண்டுப் படங்கள் பார்த்துக்கொண்டிருக்க, பூனைக்குட்டிச் செருப்போடு அவ்வளவு தூரமும் வழுக்கிப் போனேன். பின்னால் மரீனா சிரிப்பை அடக்கி விக்கியது கேட்டது. ஜெனிற்றா சிரிக்கவில்லை. அது எனக்கு நன்றாகக் கேட்டது.

மில் கோட்டைக்குக் கீழே, அகழித் தண்ணீர் வெளியேறும் வாய்க்காலில் இருந்தது. கறுத்த மரச் சக்கரம் அசையாமல் நின்றது. உள்ளே யாருமில்லை. மரத்தூண்கள், பெரிய பல்லுச் சக்கரங்கள், மூடிய பெட்டிக்குள் அரைகல், கீழே மா வந்து விழுகிற நீளமான மரத்தொட்டி. வெர்னர் சொன்ன அமைதி இதுதான் என்று எனக்குப் பட்டது. "பையைக் கீழ வைக்காதையுங்கோ, நிலமெல்லாம் தூசி" என்றாள் மெற்றி. பார்த்தேன், கூரைப் பலகையில் இருந்த சதுர ஓட்டையால் ஒரு சங்கிலி தொங்கியது, அதன் நுனியில் வசதியாக ஒரு கொளுக்கி. சாப்பாட்டுப் பையை அதில் கொளுவினேன்.

"எல்லாரும் இஞ்ச வாங்கோ" என்றேன். "நான் கொஞ்சம் கதைக்க வேணும்."

அவர்கள் வந்தார்கள். மெற்றியின் முகத்தைப் பார்த்ததும், நான் என்ன சொல்லப்போகிறேன் என்று அவளுக்குத் தெரியும் என்று விளங்கியது. ஜெனிற்றா கைகளைக் கட்டிக்கொண்டு நிலத்தைப் பார்த்தாள்.

"பிள்ளை ஜெனிற்றா" என்றேன். "அப்பா உன்னோட..."

அந்த நேரம் பக்கக் கதவால் பத்துப் பன்னிரண்டு பேர் உள்ளே வந்தார்கள். முன்னால் நீலச் சட்டையும் வெள்ளைத் தாடியுமாக மில்காரர். மாதத்தின் முதல் ஞாயிறுதான் அவர் மில்லை ஓட்டிக் காட்டுகிற நாள். எங்களைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு, சுவரோரம் இருந்த ஒரு தடியை இழுத்து மதகைத் திறந்தார்.

முதலில் தண்ணீர் விழும் சத்தம். பிறகு வீடு முழுவதும் ஒரு பெருமூச்சு விட்டது போல மரம் முனகியது. பிறகு எல்லாம் ஒன்றாகத் தொடங்கியது: சக்கரம், பல்லுகள், கல், தானியத்தை உலுப்பி விடுகிற ஏதோ ஒரு கட்டையின் 'டக டக டக'. இதோடு பார்த்தால் எங்கள் தொழிற்சாலை தேவாலயம்.

புத்தியுள்ளவன் அந்த இடத்தில் நிறுத்தியிருப்பான். எனக்கு நாளைக்கு ஆசுபத்திரி. நிறுத்தினால் இனி எப்போது? நான் கத்தினேன்.

"அப்பா செய்தது பிழை!" என்று கத்தினேன்.

"என்ன?" என்றாள் ஜெனிற்றா. அவளுடைய உதடு அசைந்ததுதான் தெரிந்தது.

"பிழை! ஐஞ்சு மாசம் கதைக்காமல் விட்டது பிழை!"

"என்னப்பா? பிள்ளைக்கு என்ன?" என்று மெற்றி காதைக் கொண்டுவந்தாள்.

மூன்றாம் தரம் கத்த மூச்சை இழுத்தேன். இருமல் பிடித்தது. சும்மா இருமல் இல்லை. கண் இருண்டு, விழாமல் இருக்கப் பக்கத்தில் தொங்கிய ஒரு கயிற்றை இரண்டு கையாலும் பிடித்தேன்.

அது மூட்டை ஏற்றும் கயிறு. அதை இழுத்தால், சக்கரத்தின் பலத்தில், கொளுக்கிச் சங்கிலி மேல் தட்டுக்குப் போகும். நான் இருமி இருமி என் முழுப் பாரத்தையும் அதில் தொங்கவிட்டிருந்தேன்.

எங்கள் சாப்பாட்டுப் பை ஆடாமல் அசையாமல் வானத்துக்குப் போனது. கூட்டத்தில் சிலர் கை தட்டினார்கள், காட்சியில் இதுவும் ஒன்று என்று. பை கூரை ஓட்டையின் ஓரத்தில் முட்டியது. நான் கயிற்றை விடவில்லை. பிடி கிழிந்தது. முதலில் ரோல்ஸ் மழை, பிறகு கட்லட், கடைசியில் இறைச்சிக் கறி டப்பா. அது நேரே போய்த் தொட்டியில், அப்போதுதான் அரைத்து விழுந்த மாவின் நடுவில் விழுந்தது. வெள்ளைப் புகை ஒன்று எழும்பி எல்லோரையும் மூடியது.

"ஹால்ட்! ஹால்ட்!" என்று மில்காரர் ஓடி மதகை இறக்கினார்.

மா அடங்கியபோது பன்னிரண்டு ஜெர்மன்காரரும் நாங்கள் நாலு பேரும் ஒரே நிறமாக நின்றோம். (முப்பது வருஷமா ஏலாமல் போன ஒரு காரியம் அண்டைக்கு ஒரு நிமிஷத்தில முடிஞ்சுது.) தொட்டிக்குள் வெள்ளை மாவில் கறிக்குழம்பு சிவப்பாக ஊறிக்கொண்டிருந்தது. மில்காரர் தொட்டியைப் பார்த்து, கூரையைப் பார்த்து, கயிற்றோடு நின்ற என்னைப் பார்த்தார். மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன்.

ஒன்றும் வரவில்லை. செவ்வாய்க்கிழமை போக வேண்டிய குரல் ஞாயிற்றுக்கிழமையே போய்விட்டது.

ஜெனிற்றாதான் முன்னால் போனாள். அப்பாவுக்குச் சுகமில்லை என்று அவரிடம் சொன்னாள். பிறகு தொட்டியின் மற்றப் பக்கம் குனிந்து, கறி படாத மாவில் ஒரு சிட்டிகை எடுத்து, பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் உருட்டிப் பார்த்து, ஏதோ கேட்டாள். அந்த மனிதரின் முகம் மாறியது. அவரும் ஒரு சிட்டிகை எடுத்து உருட்டினார். இருவரும் மாவைப் பற்றி, தானியத்தைப் பற்றி, கல்லின் சூட்டைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினார்கள். அவள் கதைத்துக்கொண்டே அகப்பையால் கறி பட்ட இடத்தை வெட்டி, நல்ல மாவில் ஒரு துளி படாமல் அள்ளி வாளியில் போட்டாள். அவ்வளவு நிதானமான கை. அந்தக் கை எப்படி வேலை செய்யும் என்று நான் அதுவரை பார்த்ததே இல்லை. பார்க்க வேண்டும் என்று நினைத்ததும் இல்லை.

அவர் எங்களை ஏசவில்லை. வெளியே சக்கரத்துக்குப் பக்கத்தில் கிடந்த மர வாங்கில் இருக்கச் சொல்லி, எனக்கு ஒரு கோப்பை தண்ணீர் கொண்டுவந்து தந்தார். விழுந்ததில் தப்பிய ஒரு ரோல்ஸை ஜெனிற்றா கொடுத்தபோது, ஊதிவிட்டுச் சாப்பிட்டார்.

ஜெனிற்றா என் பக்கத்தில் வந்து இருந்தாள். கண்ணிமையிலும் மா. நான் வாயைத் திறந்தேன். அவள் கையை உயர்த்தித் தடுத்தாள்.

"வேண்டாம் அப்பா. இண்டைக்காவது நான் கதைக்கிறன்."

நான் மூடினேன்.

"ஒவ்வொரு ஞாயிறும் அம்மாவுக்கு ஃபோன் எடுக்கிறனான். உங்களுக்குத் தெரியும். எடுக்கேக்க பின்னால நீங்க செருமுறது கேக்கும். நீங்க கதைக்கமாட்டியள், செருமுவியள். எனக்கு அது காணும்." சக்கரத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "தைமாசம் அந்தச் சத்தம் மாறிப்போச்சு. இது தடிமன் இல்லையம்மா, டொக்டரிட்டைக் கூட்டிக்கொண்டு போங்கோ எண்டு நான்தான் அழுது அழுது சொன்னனான். நீங்க போகமாட்டன் எண்டு நிண்டியளாம்."

நாளுக்கு நாலு தரம் மெற்றி அரித்தது ஹம்பேர்க்கில் இருந்து வந்த அரிப்பு. நான் கதைக்காமல் தண்டித்த பிள்ளை, என் செருமலைக் கேட்டே நோயைக் கண்டுபிடித்திருக்கிறாள். உரையில் இதற்குப் பொருத்தமாக ஒரு வரிகூட இருக்கவில்லை. அவளுடைய கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். மா பிசுபிசுத்தது. அவள் கையை இழுக்கவில்லை. பிறகு மரீனா தாராவுக்குக் கட்லட் போடுகிறாள் என்று யாரோ சத்தம் போட, ஜெனிற்றா எழுந்து ஓடினாள்.

உள்ளே மில்லை மறுபடி ஓடவிட்டார்கள். பக்கத்தில் சக்கரம் சுழன்று தண்ணீர் கொட்டியது. மெற்றி வந்து அந்த இடத்தில் இருந்தாள். முகம் முழுவதும் வெள்ளை. கண் மட்டும் தெரிந்தது. நிறைவாக மனைவி. அவளுக்காக யோசித்து வைத்த வசனங்கள் நல்ல வசனங்கள். ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. தொண்டையில் மிச்சமிருந்த காற்றை எல்லாம் திரட்டி, அவளுடைய காதடியில் ஒன்றே ஒன்று சொன்னேன்.

"எனக்குப் பயமாக் கிடக்கு."

மெற்றி என்னைப் பார்த்தாள். பிறகு சால்வை நுனியை எடுத்துத் தன் முகத்தை அழுத்தி அழுத்தித் துடைத்தாள். "இப்ப சரியோ?" என்று கேட்டாள். எனக்கு விளங்கவில்லை. தலையாட்டினேன்.

செவ்வாய்க்கிழமை குரல்வளையை எடுத்தார்கள். இப்போது கழுத்தில் இருக்கிற துளையால்தான் மூச்சு. அதை விரலால் மூடினால், உள்ளே வைத்திருக்கிற சின்ன வால்வால் ஒரு சத்தம் வரும். குளிர் நாளில் கிளம்ப மறுக்கிற மோட்டார் சைக்கிள் போல. ஒலிவாங்கியை வேறொரு தம்பி எடுத்துக்கொண்டார். நன்றாகத்தான் செய்கிறார். (கொஞ்சம் வாய் கூட.) முதல் வருடம் கல்யாண வீடுகளுக்கே போகவில்லை. போன பிறகும் கடைசி வரிசையில்தான் இருந்தேன். ஜெனிற்றா தன் கேக் தொழில் சோதனையில் பாஸ் பண்ணிய நாளில் அவளுக்கு ஃபோன் எடுத்து, துளையை மூடி, ஐந்து நிமிடத்தில் மூன்று வசனம் சொன்னேன். அவள் ஒன்றுக்கும் அவசரப்படவில்லை.

அந்த ஞாயிறு எங்கள் வீட்டுப் பகிடியாகி நாலு வருடம். ஆக்கள் கூடினால் மரீனா எழுந்து நின்று, காலை வழுக்கி வழுக்கிக் காட்டி, கயிற்றில் தொங்கிக் காட்டி, கடைசியில் தாயைப் பார்ப்பாள். "அம்மா, அப்பான்ர சொந்தக் குரலில கடைசி வசனம் என்ன?"

மெற்றி முகத்தை அசைக்காமல் சொல்வாள்: "முகமெல்லாம் மாவாக் கிடக்கு."

வீடு இடிந்து விழுகிற மாதிரிச் சிரிப்பார்கள். மைக் அன்ரன் இருபது வருடம் கதைத்துக் கடைசியில் சொன்னது இதுதானா என்று கேட்டுக் கேட்டுச் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன், என் சிரிப்புக்குச் சத்தம் இல்லை, தோள்தான் குலுங்கும். ஒருநாளும் திருத்தவில்லை. அன்றைக்குத் தண்ணீர்ச் சத்தத்தில் அவளுக்கு அப்படித்தான் கேட்டது என்று தொடக்கத்தில் நானும் நம்பியிருந்தேன்.

மூன்று மாதத்துக்கு ஒருதரம் ஆசுபத்திரியில் டெர்மின், டொக்டரைப் பார்க்கிற நாள். நோய் திரும்பியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். அந்தப் பகிடி தொடங்கிய புதிதில், முதல் டெர்மினுக்குப் போய்க் காத்திருந்தபோது, அந்த நீளமான அறையில் என்னைப் போலக் கழுத்தில் துணி கட்டிய ஆட்கள் நாலைந்து பேர் இருந்தார்கள். என் முழங்கால் தானாக ஆடிக்கொண்டிருந்தது. மெற்றி அதன் மேல் கையை வைத்தாள். குனிந்து, காதடியில், அன்றைக்கு நான் சொன்ன அதே தூரத்தில், மெல்லக் கேட்டாள்.

"என்னப்பா, மாவாக் கிடக்கோ?"

அவளுடைய முகத்தைப் பார்த்தேன். அதில் பகிடி இல்லை. அன்றைக்கு மில் வாங்கிலே நான் சொன்னது அவளுக்கு ஒரு எழுத்துப் பிசகாமல் கேட்டிருந்தது என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. பிள்ளைகளுக்குத் தெரியக்கூடாது என்று அவள் அதை மாவாக்கி வைத்திருக்கிறாள்.

ஓம் என்று தலையாட்டினேன். உள்ளே என் பெயரைக் கூப்பிட்டார்கள். எழும்ப விடாமல் ஒரு கணம் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு சொன்னாள்:

"எனக்கும் மாவாத்தான் கிடக்கு."